எண்ணை மட்டும் சொன்னா போதாது, என்ன அளவுன்னும் கேளுங்க

1/
இது கொஞ்சம் நீளமான த்ரெட். விமானத்துல ஆரம்பிச்சு உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்குற இன்சுலின் குப்பியில வந்து முடியும். வீட்டுல சுகர் நோயாளியோ சின்னக் குழந்தையோ இருந்தா தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

2/
2025 ஜூலையில நம்ம தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துல புது முனையம் திறந்தாங்க. ஓடுபாதையையும் நீட்டியாச்சு. சின்ன ஏடிஆர் விமானத்தையே பார்த்துப் பழகுன ஊருக்கு இனி பெரிய விமானமும் வரலாம். சந்தோஷம்.

ஆனா அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் அகமதாபாத் விபத்து. அதுலருந்து ஓ.பி.யில மாத்திரை எழுதும்போதே பலரும் கேக்குறாங்க: "டாக்டர், பிளைட்டு நடுவானத்துல போகும்போது பெட்ரோல் தீந்துட்டா என்ன ஆகும்?"

3/
முதல்ல ரெண்டு விளக்கம். ஜெட் விமானத்துலயும் ஏடிஆர்லயும் ஊத்துறது பெட்ரோல் இல்ல, மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருள். ரெண்டாவது, அகமதாபாத் விபத்து எரிபொருள் குறைஞ்சு நடந்தது இல்ல. முதற்கட்ட விசாரணை அறிக்கை பேசினது என்ஜினுக்குப் போற எரிபொருளைத் திறந்து மூடுற சுவிட்சுகளைப் பத்தி. அதுக்குள்ள நான் போகல.

நான் சொல்ல வர்றது வேற. விமானத்துல எரிபொருள் "இருக்கு"ன்னு எல்லாரும் நம்பி, உண்மையில இல்லாமப் போன கதைகள். அபூர்வம்தான். ஆனா நடந்திருக்கு. ஏன் நடந்துச்சுன்னு பார்த்தா, எங்க ஆஸ்பத்திரியில நடக்குற தப்புகளுக்கும் அதுக்கும் ஒரே வேர்.

4/
முதல் கதை. 1983 ஜூலை 23. ஏர் கனடா 143. மாண்ட்ரியல்ல இருந்து ஒட்டாவா வழியா எட்மண்டன் போற விமானம். அப்போ புத்தம் புதுசா வந்த போயிங் 767. உள்ள 69 பேர்.

அன்னைக்கு அந்த விமானத்துல எரிபொருள் காட்டுற மீட்டர் வேலை செய்யல. சரி, கையால அளந்துக்கலாம்னு முடிவு பண்ணாங்க. நம்ம போட்டுக்காரங்க டீசல் டேங்குல குச்சி விட்டுப் பார்ப்பாங்கல்ல, ஏறக்குறைய அதே முறைதான்.

அளந்தாங்க. டேங்குல 7,682 லிட்டர் இருந்துச்சு. அளந்ததுல தப்பே இல்ல.

5/
பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டர்ல அளந்ததைக் கிலோவா மாத்தணும். அதுக்கு ஒரு எண்ணால பெருக்கணும். அவங்க பெருக்குன எண் 1.77.

7,682 × 1.77 = 13,597. இன்னும் வேண்டியது 8,703. அதை 1.77 ஆல வகுத்தா 4,917 லிட்டர். அவ்வளவு ஊத்துனாங்க. கிளம்பிட்டாங்க.

பெருக்கலும் வகுத்தலும் சரி. பரீட்சையில போட்டா முழு மார்க்.

6/
ஆனா 1.77 எதோட எண்? ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை "பவுண்டு" எடைங்குற எண். கிலோவுக்கு வேண்டிய எண் 0.8 வாக்குல. கனடா அப்போதான் பவுண்டுல இருந்து கிலோவுக்கு மாறிக்கிட்டிருந்த சமயம். அந்தக் கம்பெனியோட மத்த விமானமெல்லாம் பவுண்டுக் கணக்கு. இந்த 767 மட்டும் கிலோக் கணக்கு.

ஊத்தியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கும் மேல. ஊத்துனது 4,917. கைல இருந்தது 22,300 பவுண்டு. கிலோவுல சொன்னா 10,100. அதாவது தேவையில பாதி கூட இல்ல.

41,000 அடி உயரத்துல முதல்ல ஒரு என்ஜின், அப்புறம் இன்னொண்ணு நின்னு போச்சு.

7/
கேப்டன் ராபர்ட் பியர்சன் என்ஜின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகினவர். துணை விமானி மாரிஸ் குயின்டல், கிம்லிங்குற பழைய விமானப்படைத் தளம் பக்கத்துல இருக்குறதைத் தெரிஞ்சு வெச்சிருந்தவர். ரெண்டு பேருமா அந்தப் பெரிய விமானத்தை மிதக்க விட்டே கொண்டு போய் அங்க இறக்கிட்டாங்க. சாவு ஒண்ணும் இல்ல. சிலருக்குச் சின்னக் காயம், அவ்வளவுதான்.

அந்த விமானத்துக்கு "கிம்லி கிளைடர்"னே பேர் வந்துருச்சு. எல்லாரும் அந்த இறக்கத்தைத்தான் பேசுவாங்க. நான் பேச வர்றது அந்த 1.77.

8/
"ஏன் இந்தக் குழப்பம்? லிட்டர்லயே கணக்கு வெச்சா ஆகாதா?"ன்னு கேட்டா, ஆகாது. என்ஜினுக்கு எவ்வளவு சக்தி கிடைக்கும், இறக்கை எவ்வளவு பாரம் தூக்கணும்ங்குறதெல்லாம் எடைக் கணக்கு. ஒரு லிட்டரோட எடை எப்பவும் ஒண்ணா இருக்காது. சூட்டுக்குத் தகுந்த மாதிரி மாறும்.

இதை உலகத்துல வேற யாருக்கும் விளக்குறது கஷ்டம், தூத்துக்குடிக்காரங்களுக்கு ரொம்ப சுலபம். உப்பளத்துல டிகிரி பார்க்குறாங்கல்ல? கடல் தண்ணி 3 டிகிரி வாக்குல இருக்கும். பாத்தியில காய்ஞ்சு 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு விளையும். ரெண்டுமே ஒரு லிட்டர்தான். ஆனா எடை வேற, உள்ள இருக்குற சரக்கு வேற. லிட்டரை மட்டும் பார்த்து உப்பளம் நடத்த முடியுமா?

மருந்தும் அப்படித்தான். எத்தனை மி.லி.ங்குறது மட்டும் மருந்தோட அளவு இல்ல. ஒரு மி.லி.யில எவ்வளவு சரக்கு இருக்குங்குறதும் சேர்ந்தாதான் அளவு.

9/
ரெண்டாவது கதை. இதுல சாவு உண்டு.

2005 ஆகஸ்ட் 6. துனின்டர் 1153. இத்தாலியில பாரியில இருந்து துனிசியாவுல ஜெர்பா போற விமானம். ஏடிஆர்-72. ஆமா, நம்ம வாகைக்குளத்துக்குப் பல வருஷமா வந்து போற அதே ரக விமானம்தான். உள்ள 39 பேர்.

முந்தின நாள் அதோட எரிபொருள் மீட்டர் பழுதுன்னு கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டுனாங்க. மாட்டுனது ஏடிஆர்-42க்கு உரிய மீட்டர். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதே இடத்துல கச்சிதமா உக்காரும். ஆனா ரெண்டு விமானத்தோட டேங்கும் வேற. அதனால உள்ள இருக்குறதை விட ரொம்பக் கூடுதலா காட்டுச்சு.

10/
காலையில வந்த கேப்டன், எரிபொருள் எதிர்பார்த்ததை விட அதிகமா இருக்கேன்னு கவனிச்சிருக்கார். ஊத்துன ரசீது எங்கன்னு கேட்டிருக்கார். ரசீது கிடைக்கல. இருக்கவே இருக்காது, ஏன்னா யாருமே ஊத்தல! "யாராவது ஊத்தியிருப்பாங்க, சீட்டு அப்புறம் கிடைக்கும்"னு கிளம்பிட்டாங்க.

சிசிலிக்கு வடக்கே கடலுக்கு மேல ரெண்டு என்ஜினும் நின்னுச்சு. மீட்டர் அப்பவும் 1,800 கிலோ இருக்குன்னு காட்டிக்கிட்டிருந்துச்சு. கடல்ல இறக்குனாங்க. 16 பேர் இறந்துட்டாங்க.

11/
இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலின் குப்பியை எடுங்க. மேல பொடி எழுத்துல "40 ஐயு/மி.லி." அல்லது "100 ஐயு/மி.லி."ன்னு போட்டிருக்கும். 40ன்னா ஒரு மி.லி.யில 40 யூனிட். 100ன்னா அதே ஒரு மி.லி.யில 100 யூனிட். நம்ம நாட்டுல ரெண்டும் புழக்கத்துல இருக்கு. குப்பி பெரும்பாலும் 40. பேனாவுல போடுற கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 100. 100 குப்பியும் கடையில கிடைக்குது.

இப்போ ஊசியைப் பாருங்க. சிவப்பு மூடி போட்டது 40 இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி போட்டது 100 இன்சுலினுக்கு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எந்தக் குப்பியிலும் எந்த ஊசியும் நுழையும்.

ஏடிஆர்-42 மீட்டரு ஏடிஆர்-72ல உக்காந்தது ஞாபகம் வருதா? அதேதான் இது.

12/
கணக்கு பார்ப்போம். டாக்டர் சொன்னது 20 யூனிட்.

100 குப்பியில இருந்து சிவப்பு மூடி ஊசியால 20 கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள வர்றது அரை மி.லி. அதுல 50 யூனிட் இருக்கும். ரெண்டரை மடங்கு. சுகர் சரசரன்னு இறங்கும். வேர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து.

40 குப்பியில இருந்து ஆரஞ்சு மூடி ஊசியால 20 கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள வர்றது 8 யூனிட்தான். பாதி கூட இல்ல. சுகர் ஏறிக்கிட்டே போகும். "ஒழுங்காத்தான் போடுறேன் டாக்டர், குறையவே மாட்டேங்குது"ம்பாங்க. நாங்க டோஸை ஏத்துவோம். அடுத்த மாசம் கடையில சரியான ஊசி கொடுத்துட்டா, ஏத்துன டோஸ் முழுசா உள்ள போயிடும்.

13/
இப்படி வர்றவங்க படிக்காதவங்கன்னு நினைச்சிராதீங்க. வாத்தியார், பேங்க் ஆபீசர், கப்பல்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்னு எல்லாரும் வந்திருக்காங்க. ஒரு ஆச்சிக்கு அஞ்சு வருஷமா சரியா ஊசி போட்டுக்கிட்டிருந்த பேத்தி, ஒரு நாள் பேனா ரிப்பேர்னு அந்தக் கார்ட்ரிட்ஜ்ல இருந்து சிவப்பு மூடி ஊசியால இழுத்துப் போட்டிருக்கு. ஆச்சியை விடியக்காலையில தூக்கிட்டு வந்தாங்க. பிழைச்சுக்கிட்டாங்க.

அந்தப் பிள்ளை மேல என்ன தப்பு? 20னு சொன்னோம். 20 கோடு வரைக்கும் இழுத்துச்சு. எந்த ஊசியோட 20னு நாமதான் சொல்லிக் கொடுக்கல.

14/
குழந்தைங்க கதை இதை விட மோசம். காய்ச்சலுக்குக் கொடுக்குற பாராசிட்டமால் சிரப். கடையில என்னென்ன இருக்கு தெரியுமா?

5 மி.லி.யில 120 அல்லது 125 மி.கி. இருக்குறது ஒண்ணு.
5 மி.லி.யில 250 மி.கி. இருக்குறது ஒண்ணு.
ஒரு மி.லி.யிலயே 100 மி.கி. இருக்குற சொட்டு மருந்து ஒண்ணு.

10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. வரைக்கும் கொடுக்கலாம். முதல் பாட்டில்னா 6 மி.லி. ரெண்டாவதுல 3 மி.லி. சொட்டு மருந்துல ஒன்றரை மி.லி.

ஒரே மருந்து, ஒரே பிள்ளை, மூணு அளவு. இதுல "ஒரு ஸ்பூன் கொடுங்க"ன்னு ஃபோன்ல சொன்னா எப்படி இருக்கும்? சொட்டு மருந்தை ஒரு ஸ்பூன், அதாவது 5 மி.லி. கொடுத்தா 500 மி.கி. அது பெரியவங்க போடுற ஒரு முழு மாத்திரை. ஒரு நாளைக்கு நாலு தடவை அப்படிக் கொடுத்தா பிள்ளையோட ஈரல் என்னத்துக்கு ஆகும்?

15/
அதுலயும் ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேற. நம்ம ஊர்ல இன்னும் சங்குல மருந்து ஊத்துற பழக்கம் இருக்கு. சங்குக்குப் பேர் போன ஊரு, வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு இல்ல. சங்குல கொடுங்க, ஆனா அளந்து கொடுங்க. மருந்து பாட்டிலோட வர்ற மூடியிலயோ, ஊசி கழட்டுன சிரிஞ்சிலயோ மி.லி. பார்த்து அளந்து சங்குல விட்டுக் கொடுங்க. "அரைச் சங்கு"ங்குறது அளவு இல்ல.

16/
நம்ம ஊருக்கு அளவு புதுசு இல்ல மக்களே. முத்துக்குளிப்பு நடந்த காலத்துல முத்தைக் கண்ணால பார்த்து விலை சொல்லிடல. பித்தளைச் சல்லடைகளை வரிசையா வெச்சுச் சலிச்சு அளவு பிரிச்சாங்க, மஞ்சாடிக் கணக்குல எடை போட்டாங்க. குளிப்பு அறிவிக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் சிப்பியை எடுத்துத் திறந்து, கிடைக்குற முத்தோட மதிப்பைப் பார்த்துத்தான் தேதி குறிச்சாங்க. 1961ல கடைசியா இங்க முத்துக்குளிப்பு நடந்துச்சு.

ஒரு முத்துக்கு அவ்வளவு பார்த்த ஊரு. பிள்ளைக்கு ஊத்துற மருந்துக்குப் பார்க்கக்கூடாதா?

17/
சரி, "ஆரம்பத்துல ஒழுங்கா அளந்துட்டா போதுமா?" போதாது. அதுக்கு மூணாவது கதை. இது நம்ம மெட்ராஸ்ல இருந்து கிளம்புனது.

1993 நவம்பர் 15. இந்தியன் ஏர்லைன்ஸ் 440. சென்னையில இருந்து ஹைதராபாத். பெரிய ஏர்பஸ் ஏ300. உள்ள 262 பேர். ஹைதராபாத்துல பார்வைக்குத் தெரியாத அளவு மூட்டம். இறங்க முடியல. மேல எழும்புனாங்க. அப்போ இறக்கையோட ஃபிளாப் உள்ள மடங்க மாட்டேன்னுருச்சு. அப்படியே சென்னைக்குத் திரும்புனாங்க.

ஃபிளாப் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா காத்து இழுக்கும். எரிபொருள் வழக்கத்தை விட வேகமாச் செலவாகும். சென்னை வந்து சேர்றதுக்குள்ள தீர்ந்துருச்சு. திருப்பதி பக்கத்துல வயல்ல இறக்குனாங்க. 262 பேரும் பிழைச்சாங்க.

18/
இதுல பாடம் என்ன? ஏறும்போது கணக்கு சரியா இருந்தாலும், நடுவுல நிலைமை மாறுனா கணக்கும் மாறணும்.

சுகர் நோயாளிக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்க. போன மாசம் 20 யூனிட் சரி. இந்த வாரம் வாந்தி, சாப்பாடே இறங்கல. விரதம். இல்ல, கிட்னி வேலை குறைஞ்சு போச்சு. கிட்னி கெட்டா இன்சுலின் உடம்புல கூடுதல் நேரம் தங்கும், அதனால தேவை குறையும். அப்பவும் பழைய 20ஐயே போட்டா சுகர் விழுந்துரும். சீட்டுல எழுதுன எண் மாறல, உடம்பு மாறிடுச்சு.

அதுக்காக நீங்களா நிறுத்திராதீங்க. சாப்பிட முடியலைன்னா அன்னைக்கே சுகர் பார்த்துட்டு டாக்டர்கிட்ட கேளுங்க.

19/
நாலாவது கதை பேச்சைப் பத்தினது. 1990 ஜனவரி 25. அவியான்கா 52. கொலம்பியாவுல இருந்து நியூயார்க். மோசமான வானிலை. ஒரு மணி நேரத்துக்கும் மேல வானத்துலயே வட்டம் போட வெச்சாங்க. எரிபொருள் தீர்ந்துக்கிட்டிருக்குன்னு துணை விமானி சொல்லியிருக்கார். ஆனா "எமர்ஜென்சி"ங்குற வார்த்தையைச் சொல்லல. கீழ இருந்தவங்களுக்கு அவசரம் புரியல. விமானம் விழுந்துச்சு. 158 பேர்ல 73 பேர் இறந்தாங்க.

எண் தெரிஞ்சிருந்துச்சு. ஆபத்தும் தெரிஞ்சிருந்துச்சு. சொல்ல வேண்டிய வார்த்தை வாயில வரல.

20/
இப்போ 2025 ஜூன் 19க்கு வாங்க. கவுகாத்தியில இருந்து சென்னை வந்த இண்டிகோ விமானம். சென்னையில இறங்க முடியல. பெங்களூருக்குத் திரும்புனப்போ எரிபொருள் குறைவுன்னு "மேடே" சொன்னாங்க. பத்திரமா இறங்கிடுச்சு.

டிவியில "நடுவானில் பரபரப்பு"ன்னு ஓட்டுனாங்க. நான் அந்தச் செய்தியைப் பார்த்து நிம்மதிதான் பட்டேன். அந்த வார்த்தையைச் சொல்றதுக்குத்தான் விதியே இருக்கு. இறங்கும்போது டேங்குல அரை மணி நேரம் பறக்குற அளவாவது மிச்சம் இருக்கணும். அதுல கை வைக்கற நிலைமை வரும்னு தெரிஞ்சாலே மேடே சொல்லிறணும். தீர்ந்த பிறகு இல்ல, தீரும் முன்னாடி.

21/
எங்க கடல்ல இதுக்குப் பழைய உதாரணம் உண்டு. முத்துக்குளிக்கிறவர் கல்லைக் காலுல கட்டிக்கிட்டு மூச்சைப் பிடிச்சு இறங்குவார். மேல படகுல ஒருத்தர் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். நம்பிக்கைக்காக மச்சானை நிறுத்துவாங்கன்னு சொல்லுவாங்க. கயிறு அசைஞ்சா இழுக்கணும். "ஏன் இழுக்கச் சொல்றே, இன்னும் நாலு சிப்பி எடுக்கலாமே"ன்னு கேக்குற வேலையே கிடையாது.

ஆஸ்பத்திரியில அந்தக் கயிறு யார் கையில இருக்கு? இதுதான் என் கேள்வி.

22/
டாக்டர் சீட்டுல ஒரு எண் எழுதுறார். எம்ஜியா எம்எல்லான்னு தெளிவா இல்ல. சிஸ்டருக்குச் சந்தேகம் வருது. "டாக்டர், இது எம்ஜியா எம்எல்லா?"ன்னு கேக்குறாங்க. "இத்தனை வருஷம் சர்வீஸ், இது கூடத் தெரியாதா?"ன்னு பதில் வந்தா, அடுத்த தடவை அவங்க கேப்பாங்களா? மாட்டாங்க. ஒரு நாள் கேக்காம விட்டது ஒரு உயிரா இருக்கும்.

நோயாளியோட அம்மா "ஐயா, போன தடவை பாட்டில் வேற மாதிரி இருந்துச்சே"ங்குறாங்க. "நீ டாக்டரா நான் டாக்டரா?"ன்னு கேட்டா அந்தக் கயிறை நாமளே அறுத்து விடுறோம்னு அர்த்தம்.

ரசீது எங்கன்னு கேட்ட அந்தக் கேப்டனுக்கு ஒழுங்கான பதில் கிடைச்சிருந்தா 16 பேர் வீடு போய்ச் சேர்ந்திருப்பாங்க.

23/
எங்க பக்க நியாயத்தையும் சொல்லிறேன். "டாக்டர், ஏரோப்ளேன் கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஓ.பி.யில வரிசை வாசல் தாண்டி நிக்குது. ஒவ்வொருத்தருக்கும் ஊசி மூடி கலர் சொல்லிக்கிட்டு இருந்தா மத்தியானம் ஆயிடும்"னு கூட வேலை பார்க்குறவங்க சொல்லுவாங்க. நியாயம்தான். இன்னொண்ணும் உண்டு. சந்தேகம் வந்தா விமானத்தைத் தரையிலயே நிறுத்தலாம். மூச்சு வாங்கிட்டு வர்ற நோயாளியை "கொஞ்சம் இருங்க, கணக்கு பார்க்குறேன்"னு நிறுத்த முடியாது.

அதனாலதான் சொல்றேன், இதை ஒவ்வொரு டாக்டரோட, ஒவ்வொரு சிஸ்டரோட ஞாபகசக்தியை நம்பி விடக்கூடாது. களைப்பான நேரத்துலயும் தப்பு நடக்காத மாதிரி ஏற்பாடு வேணும்.

24/
கிம்லி விஷயத்துல முதல்ல என்ன பண்ணாங்க தெரியுமா? கேப்டனைப் பதவி இறக்குனாங்க. துணை விமானியை சஸ்பெண்ட் பண்ணாங்க. விசாரணை முடிஞ்சு பார்த்தா, பழைய விமானத்துல மூணாவதா ஒரு ஃப்ளைட் இன்ஜினியர் இருந்து எரிபொருள் கணக்கைப் பார்த்துக்கிட்டிருந்தார். புது 767ல அந்த ஆள் கிடையாது. அந்த வேலை இப்போ யாரோடதுன்னு கம்பெனி தெளிவாச் சொல்லவே இல்ல. கிலோக் கணக்குல பயிற்சியும் ஒழுங்கா இல்ல. 1985ல அதே விமானிகளுக்குச் சர்வதேச விருது கொடுத்தாங்க.

நம்ம ஊர்ல தப்பு நடந்தா முதல் செய்தி, "செவிலியர் பணியிடை நீக்கம்". அதோட ஃபைல் மூடிரும். அதே ரெண்டு ஊசியும் அதே டப்பாவுல அடுத்த வார்டுல இருக்கும்.

25/
அதனால நான் கேக்குறது இதுதான்.

ஒண்ணு: நாடு முழுக்க இன்சுலின் குப்பிக்கு ஒரே அளவுன்னு முடிவு பண்ணுங்க. ரெண்டு அளவு இருக்குற வரைக்கும் இந்தத் தப்பு நடந்துக்கிட்டேதான் இருக்கும். இந்தியா சேரையும் வீசையையும் விட்டுட்டு மெட்ரிக் அளவுக்கு மாறின நாடு. 1956ல சட்டம் போட்டு ஒரு தேசத்தையே மாத்துனோம். இதை மாத்த முடியாதா?

ரெண்டு: அது வரைக்கும், குப்பி கொடுக்குற கவுண்டர்லயே அதுக்குப் பொருத்தமான ஊசியையும் சேர்த்தே கொடுக்கணும். தனித்தனியா வேண்டாம்.

மூணு: குழந்தைங்க பாராசிட்டமால் சிரப்புக்கும் ஒரே அளவு. லேபிள்ல கம்பெனி பேரை விடப் பெருசா மி.கி. எண், தமிழ்லயும்.

நாலு: சந்தேகம் கேட்ட சிஸ்டரையோ பார்மசிஸ்டையோ யாரும் திட்டக்கூடாதுன்னு எழுத்துல ஒரு விதி. தப்பு நடக்க இருந்து தடுத்துட்டா அதைப் பதிவு பண்ண ஒரு நோட்டு. அதைப் படிச்சுப் பார்த்து ஏற்பாட்டை மாத்த ஒரு ஆள்.

26/
நீங்க செய்ய வேண்டியது:

குப்பியில 40ன்னா சிவப்பு மூடி, 100ன்னா ஆரஞ்சு மூடி. மெடிக்கல்ல அண்ணாச்சிகிட்ட "இன்சுலின் ஊசி கொடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. குப்பியைக் காட்டி வாங்குங்க.

பேனா கார்ட்ரிட்ஜ்ல இருந்து ஊசியால இழுக்கவே இழுக்காதீங்க. 300 யூனிட் இருக்குற பேனா கூட இப்போ வந்துருச்சு.

குழந்தை மருந்துக்கு "எத்தனை மி.லி., எந்த பாட்டில்"னு ரெண்டையும் கேளுங்க. குழந்தையோட எடையை ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க. பாட்டில் மாறுனா அளவையும் திரும்பக் கேளுங்க.

வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்ககிட்ட சுகர் பேசும்போது கவனம். லண்டன், சிங்கப்பூர், கனடாவுல சுகரை வேற அலகுல சொல்லுவாங்க. அங்க 7ன்னா இங்க 126. பதினெட்டால பெருக்கணும். "எனக்கு 7தான்"னு மகன் சொல்றதைக் கேட்டு "எனக்கு 126ஆச்சே"ன்னு பதறாதீங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

27/
சுகர் திடீர்னு இறங்குனா: வேர்வை, கை நடுக்கம், அகோரப் பசி, பேச்சுக் குழறல். மீட்டர்ல 70க்குக் கீழ. நினைவு இருந்தா உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலந்து கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறுன பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுங்க.

நினைவு இல்லைன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, புரையேறும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்கு அடிங்க. வரும்போது குப்பியையும் ஊசியையும் கையோட கொண்டு வாங்க. எங்களுக்கு அதுதான் முக்கியமான சாட்சி.

28/
விமானப் பயணத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு விபத்தையும் பிரிச்சுப் பார்த்து, எழுதி, உலகம் முழுக்கப் படிக்க வெச்சு, விதியை மாத்துனதாலதான் அது இவ்வளவு பத்திரமா இருக்கு. கனடாவுல நடந்த தப்பைத் தூத்துக்குடியில உக்காந்து நான் படிக்க முடியுது. பக்கத்து வார்டுல நடந்த தப்பை என்னால படிக்க முடியல. இந்த நிலைமை மாறணும்.

அது மாறுற வரைக்கும் கேள்வி கேளுங்க. டாக்டர் முகம் சுளிச்சாலும் கேளுங்க. என்கிட்ட வந்தாலும் கேளுங்க. "20"னு சொன்னா, "இருபது என்ன டாக்டர்?"னு கேளுங்க.

இதை உங்க வீட்டு, தெரு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. குறிப்பா ஃப்ரிட்ஜ்ல இன்சுலின் வெச்சிருக்குற வீடுகளுக்கு.


அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
தூத்துக்குடி மாவட்டம்